காக்கா திரும்பி வரும்போது மரம் எப்படி அங்கேயே இருக்கிறது?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று ரெண்டு நாளாக என்னை விடவே இல்லை. ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பாப்பா, அம்மாவின் போனிலிருந்து குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள். "பூமி மணிக்கு 1600 கிலோமீட்டர் வேகத்தில் சுழலுதுன்னு போன வீடியோவில் சொன்னீங்க. எங்க வீட்டு வேப்பமரத்துக் காக்கா பறந்து போய் அஞ்சு நிமிஷம் கழிச்சு வருது. அதுக்குள்ள மரம் நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளிப் போயிருக்கணுமே?"

கணக்கு சரிதான். சென்னை இருக்கும் அட்சரேகையில் அஞ்சு நிமிடத்துக்குச் சுமார் 135 கிலோமீட்டர் வரும். எனக்குச் சந்தோஷம் எதில் என்றால், இதே கேள்வியை ஆறாம் நூற்றாண்டிலேயே வானியல் அறிஞர் வராகமிகிரர் கேட்டிருக்கிறார். பூமிதான் சுழல்கிறது, படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் ஓடுவது போல நமக்கு நட்சத்திரங்கள் மேற்கே ஓடுகின்றன என்று ஆரியபட்டர் 499-ல் எழுதிவிட்டார். வராகமிகிரர் அதை ஏற்கவில்லை. அப்படியென்றால் பருந்துகள் வானத்திலிருந்து தங்கள் கூட்டுக்கு எப்படித் திரும்பும் என்று மடக்கினார். அவருக்குப் பருந்து, பாப்பாவுக்குக் காக்கா. அவர் பூமி சுழலவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். பாப்பா முடிவு கட்டாமல் நம்மிடம் கேட்டிருக்கிறாள்.

சரி, பதில். நம் வழக்கமான பார்வையாளர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். வேகத்தை உடம்பு உணராது, வேகம் மாறுவதைத்தான் உணரும். மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும்போதே காக்காவுக்கும் அந்த 1600 கிலோமீட்டர் வேகம் இருக்கிறது. கிளையை விட்டு எழும்பியதும் அது எங்கே போய்விடும்? சுற்றியுள்ள காற்றும் பூமியோடு சேர்ந்துதான் வருகிறது. அதனால் காக்கா எங்கே பறந்தாலும், ஓடும் ரயில் பெட்டிக்குள் பறக்கும் ஈ மாதிரிதான்.

ரயில் என்றதும் ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் மதுரைக்குப் போகும்போது ஒரு ஆரஞ்சுப் பழத்தை மேலே போட்டுப் பிடித்துக்கொண்டே வந்தேன். ரயில் நல்ல வேகம். பழம் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகக் கைக்கே வந்தது. திடீரென்று பிரேக் போட்டார்கள். பழம் முன்னால் பாய்ந்து, எதிர் சீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் தயிர்சாதத்தில் விழுந்தது. வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், ரயில் ஓடியபோது தப்பு நடக்கவில்லை. வேகம் மாறியபோதுதான் நடந்தது.

கலிலியோ 1632-ல் வெளியிட்ட நூலில் இதையே கப்பலை வைத்துச் சொல்கிறார். கப்பலின் அடித்தளத்தில் ஒரு மூடிய அறை, உள்ளே பட்டாம்பூச்சிகள், மேலிருந்து சொட்டும் தண்ணீர். கப்பல் நின்றாலும் சரி, சீராக ஓடினாலும் சரி, அறைக்குள் எந்த வித்தியாசமும் தெரியாது.

"சுழற்சி என்றால் திசை மாறுகிறதே, அதுவும் மாற்றம்தானே?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். மாற்றம்தான். ஆனால் கடிகாரத்தின் சின்ன முள்ளைப் பாருங்கள், நகர்வதே தெரியாது. பூமி திரும்புவது அதிலும் பாதி வேகத்தில். நிலநடுக்கோட்டில்கூட அதன் விளைவு நம் எடையில் ஆயிரத்தில் மூன்றரைப் பங்கு, அவ்வளவுதான்.

பாப்பா, நீ இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கலாம். உள்ளே இருந்து எதுவும் தெரியாது என்றால், பூமி நகர்வதை எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்? எனக்குப் பிடித்த கேள்வி இது. சுழற்சிக்கு ஃபூக்கோவின் ஊசல் இருக்கிறது, 1851, பாரிஸ். 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டு ஆட ஆட, அது ஆடும் திசை மெல்லத் திரும்பியது போலத் தெரிந்தது. உண்மையில் திரும்பியது அடியில் இருந்த பூமி. பாரிஸில் முழுச் சுற்றுக்கு 32 மணி நேரம். சென்னையில் தொங்கவிட்டால் நாலு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

ஆனால் பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறதே, அது பிடிபட்ட கதைதான் ருசி. 1725 டிசம்பரில் லண்டனுக்குப் பக்கத்தில் கியூ என்ற இடத்தில், ஒரு வீட்டுப் புகைபோக்கியோடு சேர்த்துத் தொலைநோக்கியைச் செங்குத்தாகக் கட்டினார்கள் மாலினூ, பிராட்லி என்ற இரண்டு வானியலாளர்கள். அங்கே ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் வரும் காமா டிராகோனிஸ் என்ற நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். பூமி இடம் மாறுவதால் நட்சத்திரமும் கொஞ்சம் இடம் மாறித் தெரிய வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நட்சத்திரம் நகர்ந்தது. ஆனால் எதிர்பார்த்த காலத்துக்கு மூன்று மாதம் தள்ளி நகர்ந்தது! பிராட்லிக்கு இது புரிய 1728 ஆகிவிட்டது.

விஷயம் மழைதான். நேராகப் பெய்யும் மழையில் வண்டி ஓட்டினால் சாரல் முன்னாலிருந்து முகத்தில் அடிக்கும். நட்சத்திர ஒளிதான் மழை, பூமிதான் வண்டி. ஒளி பூமியைவிடப் பத்தாயிரம் மடங்கு வேகம் என்பதால் சாய்வு ரொம்பக் கொஞ்சம். 280 மீட்டர் தள்ளி ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு. பூமி ஓடும் திசை மாற மாற, அந்தச் சாய்வும் வருடம் முழுக்கத் திசை மாறுகிறது. மறுபடி அதே கதைதான், மாற்றம்! வருடம் முழுக்க ஒரே திசையில் ஓடியிருந்தால் நட்சத்திரம் ஒரே பக்கமாகச் சாய்ந்தே நின்றிருக்கும். பிராட்லிக்குச் சந்தேகமே வந்திருக்காது. அவர் முதலில் தேடிய அந்த இடமாற்றம் 1838-ல்தான் பெஸ்ஸலுக்கு வேறொரு நட்சத்திரத்தில் அகப்பட்டது. அதற்குத் தனி வீடியோ போட வேண்டும்.

பாப்பா, அடுத்த மழைக்கு அப்பா வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனால், சிக்னலில் நிற்கும்போதும் ஓடும்போதும் தூறல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து எனக்கு இன்னொரு குரல் பதிவு அனுப்பு. ஹெல்மெட் போட்டுக்கொள்.