கிழங்குக்குச் சூடு, கறிக்குப் பொழுது

நேயர்களுக்கு வணக்கம்.

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போகிற வழியில் முற்பகல் பத்தரை மணிக்குச் சாயாக்கடைப் பக்கம் நடந்தால், வெந்த மரச்சீனியும் தேங்காய் அரைத்த சாளை (மத்தி) மீன்கறியும் சேர்ந்து மணக்கும். கேரள எல்லை தாண்டிப் பாறசாலைக்குப் போனாலும் அதே மணம்தான். பெயர் மட்டும் கப்பையும் மீனும் என்று மாறும். இந்தப் பக்கம் ‘கிழங்கும் மீனும்’. கிழங்கு என்றாலே இங்கே மரச்சீனிதான். மரவள்ளி என்று கேட்டால் வெளியூர் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இந்தப் பயிரை ஊக்குவித்துப் பரப்பினார். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, பல வீடுகளில் உலை கிழங்கால்தான் கொதித்தது. இந்தப் பக்கத்துத் தாலுகாக்களான விளவங்கோடும் கல்குளமும் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தன. சாப்பாட்டில் எல்லைக்கோடு விழவில்லை.

இந்தச் சாப்பாட்டின் சூட்சுமம் நேரம். கிழங்கை இறக்கிய சூட்டில் தின்ன வேண்டும். கறியோ இறக்கியபின் சில மணி நேரம் சட்டியிலேயே கிடக்க வேண்டும். இரண்டுக்கும் வேளை தெரிந்து அடுப்பு மூட்டுகிற கடைதான் நல்ல கடை.

கிழங்கிலிருந்து தொடங்குவோம். பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடிவிடும். அப்படிப்பட்டது எவ்வளவு வேக வைத்தாலும் ருசிக்காது. அதனால் விவரம் தெரிந்த கடைக்காரர் பிடுங்கிய அன்றே வாங்குவார், நுனியை ஒடித்து வெள்ளையாக இருக்கிறதா என்று பார்ப்பார். எம்-4 என்கிற பழைய ரகம் மாவாக வெந்து கொடுக்கும் என்பதால் சாப்பாட்டுக்கு இன்றும் அதைத் தேடுகிறவர்கள் உண்டு.

மேலே இருக்கிற தவிட்டுநிறத் தோலோடு, அடியிலுள்ள தடித்த தோலையும் நீளவாக்கில் கீறி உரித்துவிட வேண்டும். கிழங்கிலுள்ள சயனைடு நஞ்சு சதையைவிடத் தோலில்தான் அதிகம். நடுநாரையும் எடுத்துச் சிறு துண்டாக்கி, துண்டுகள் மூழ்கி நாலு விரல் மேலே நிற்கிற அளவு பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்ற வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால், நஞ்சைப் பிரித்து வெளியேற்றுகிற நொதி உடனே செயலிழந்துவிடும். பாத்திரத்தை மூடவும் கூடாது; ஆவியோடு போக வேண்டியது போகட்டும். முக்கால் வேக்காட்டில் அந்தத் தண்ணீரை ஒட்ட வடித்துக் கொட்டிவிட்டு, புதுச் சுடுதண்ணீரும் உப்பும் சேர்த்து மீதியை வேக விட்டு மறுபடி வடிக்க வேண்டும். உப்பை முதலிலேயே போட்டால் அது வடிநீரோடு போகும், நஷ்டம். வெந்த பிறகும் கைத்தால் அந்தக் கிழங்கைத் தின்னாமல் ஒதுக்கிவிட வேண்டும். கறி ஊற்றிக் கைப்பை மறைக்கிற வேலை ஆபத்து.

வெந்த கிழங்கைத் தேங்காய் அரைப்போடு மசித்து மயக்குவதற்கு, ஒரு கிலோ கிழங்குக்கு அரை மூடித் தேங்காய், நாலு பச்சை மிளகாய், ஒரு சிறு கரண்டி சீரகம், நாலைந்து சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), இரண்டு பல் பூண்டு, அரைச் சிறு கரண்டி மஞ்சள்தூள். இதைக் கொரகொரப்பாக அரைத்தால் போதும். வெண்ணெயாக அரைத்தால் தேங்காயின் கடிப்பு போய்விடும். கிழங்கின் மேல் அரைப்பை வைத்து மூன்று நிமிடம் மூடி ஆவி ஏற விட்டு, மர அகப்பையால் கிளற வேண்டும். நாலில் ஒரு பங்கு துண்டு துண்டாகவே கிடக்கட்டும். விடாமல் குத்தினால் மாவுச்சத்து வெளியே வந்து சுவரொட்டி ஒட்டுகிற பசையாகிவிடும். ஆறினால் அதே மாவுச்சத்து இறுகிக் கட்டியாகும். சுடுதண்ணீர் தெளித்துக் கிளறினால் மெத்தென்று ஆகும், முதல் ருசி திரும்பாது.

இனி கறி. அரைக் கிலோ சாளைக்கு அரை மூடித் தேங்காய், மிளகாய்த்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மல்லித்தூள் இரண்டு, மஞ்சள் கொஞ்சம், ஆறு சின்ன உள்ளி, எலுமிச்சை அளவு புளி. இங்கே அரைப்பு பட்டுப் போல இருக்க வேண்டும், கிழங்குக்கு நேர் எதிர். மண்சட்டியில் புளிக்கரைசலும் அரைப்பும் கொதித்துப் பச்சை வாடை போன பிறகே மீன். போட்டதும் கரண்டி விடாமல் சட்டியைப் பிடித்துச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் மீன் உடையும். எட்டுப் பத்து நிமிடத்தில் இறக்கி, மேலே கருவேப்பிலையும் பச்சைத் தேங்காயெண்ணெயும்.

இறக்கிய உடனே ருசி பார்த்தால் சாறு ஒரு பக்கம், மீன் ஒரு பக்கமாகத்தான் இருக்கும். நாலைந்து மணி நேரத்தில் புளியும் உப்பும் மீனுக்குள் இறங்கும், எண்ணெய் தெளிந்து மேலே நிற்கும். தேங்காய் அரைத்த கறியாதலால் மறுநாளுக்கு அப்படியே வைக்க முடியாது; இரவு ஒருமுறை, காலையில் ஒருமுறை கொதிக்க விட வேண்டும். சாறு இல்லாமல் வற்ற வைக்கிற புளிமுளம் இன்னும் தாங்கும், ஆனால் கிழங்கின் மேல் ஊற்றிப் பிசைய அதில் என்ன இருக்கிறது?

மேற்குக் கடலோரத்தில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுக்குத் தடை. அப்போது நாட்டுப்படகு கொண்டு வருவதுதான் சட்டிக்கு வரும். சாளை கிடைக்காவிட்டால் நெத்தோலி. அது மூன்று நான்கு நிமிடத்தில் வெந்துவிடும், அதற்கு மேல் விட்டால் கரைந்து முள்ளுதான் மிஞ்சும். மழை ஓய்ந்த பின் வருகிற சாளையில் நெய் ஏறியிருக்கும், அப்போது எண்ணெயைக் குறைத்துக்கொள்ளலாம்.

கடைக்குப் போனால் முதலில் கேட்க வேண்டியது, “அண்ணே, கிழங்கு எப்பம் எறக்கினது?” என்றுதான். “இப்பந்தான்” என்று பதில் வந்தாலும் பாத்திரத்திலிருந்து ஆவி வருகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். வாழையிலைத் துண்டில் கிழங்கை வைத்து நடுவில் குழி பண்ணி, சாற்றை அதில் ஊற்றச் சொல்லுங்கள். ஓரமாக ஊற்றினால் இலையை விட்டு ஓடிவிடும். கூட பால் இல்லாத ஒரு கட்டன் சாயா, சீனி குறைத்து.

பத்தரை மணியை விட எனக்கு நல்ல வேளையாகப் படுவது மாலை நாலு மணி. இரண்டாவது அடுப்புக் கிழங்கு அப்போதுதான் இறங்கும், காலையில் வைத்த கறிக்கும் பதம் வந்திருக்கும். சட்டியில் மீன் தீர்ந்து சாறு மட்டும் கிடக்கலாம். சாறு போதும்.