வாங்கும் முன் மூன்று டிஸ்க் போட்டுப் பாருங்கள்: மலிவு விலை டிவிடி பிளேயரைச் சோதிக்கும் முறை

[திரையில்: அலமாரியில் கல்யாண ஆல்பம், பக்கத்தில் டிஸ்க் உறைகள்]

வணக்கம். கல்யாண வீடியோ, வளைகாப்பு வீடியோ, காதுகுத்து வீடியோ என்று பல வீடுகளில் டிஸ்க்குகள் பத்திரமாக இருக்கின்றன. ஓட்டிப் பார்க்கத்தான் வழியில்லை. பழைய பிளேயர் எப்போதோ எடைக்குப் போயிருக்கும். புது லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடமே இருக்காது. சரி, இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள் ஒரு டிவிடி பிளேயர் வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனால், அங்கே எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி தெரிகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பெட்டி மட்டுமல்ல, உள்ளே இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். மீடியாடெக் நிறுவனத்தின் எம்டி1389 வகைச் சிப் எத்தனையோ பிராண்டுகளின் பிளேயர்களுக்குள் போயிருக்கிறது. அதனால் இந்த விலையில் படத்தின் தரம் பிராண்டுக்குப் பிராண்டு பெரிதாக மாறாது. டிஸ்க்கைப் படிக்கும் திறனில்தான் வித்தியாசம் தெரியும். லேசர் லென்ஸும் அதை நகர்த்தும் பாகங்களும் ஒழுங்காக இருந்தால் அது நல்ல பிளேயர். என் கணக்கில் பாக்கி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

[திரையில்: டிஸ்க்கின் அடிப்பக்கம், சிவப்பு லேசர் புள்ளி]

லேசர் ஒளி டிஸ்க்கில் பட்டுத் திரும்பி வருவதை வைத்துத்தான் பிளேயர் படிக்கிறது. ஆனால் எல்லா டிஸ்க்கும் ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை. 4.7 ஜிபி கொள்ளும் ஒற்றை அடுக்கு ஒரிஜினல் டிஸ்க், 45 சதவீதத்துக்குக் குறையாமல் திருப்பி அனுப்பும். 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிஸ்க்கில் அது 18 முதல் 30 சதவீதம்தான். லேசர் கொஞ்சம் சோப்ளாங்கியாக இருந்தாலும் முதல் வகை டிஸ்க் அழகாக ஓடிவிடும். கடையில் போட்டுக் காட்டுவது பெரும்பாலும் அந்த வகைதான். ஆகவே டிஸ்க்கை நீங்களே வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். மூன்று போதும்.

முதலாவது, உங்களிடம் இருப்பதிலேயே பழைய கல்யாண டிஸ்க். இது தொழிற்சாலையில் அச்சடித்த டிஸ்க் அல்ல. உள்ளே ஒரு சாயப்பூச்சு இருக்கும், அதை லேசரால் சுட்டுப் பதிவு செய்திருப்பார்கள். வெயில், வெப்பம், ஈரம் எல்லாம் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். வருடம் ஆக ஆக பிழைகள் கூடும். பிழை திருத்தும் ஏற்பாடு டிவிடி முறையிலேயே உண்டு. டிஸ்க்கில் தகவல் பதிந்திருக்கும் சுருள் கோட்டுக்குத் தடம் என்று பெயர். அந்தத் தடத்தின் வழியாக சுமார் 6 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் போயிருந்தாலும் கணக்குப் போட்டு மீட்டுவிட முடியும். ஆனால் லென்ஸ் தடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால்தான் அந்தக் கணக்கே நடக்கும். தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே 0.74 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி. சிடியில் அது 1.6. எனவே மணவறைக் காட்சி வந்ததும் திருப்தியாகிப் பிளேயரை நிறுத்திவிடாதீர்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால், நிறையப் பதிந்த டிஸ்க்கில் கடைசிப் பகுதி வெளி விளிம்பில் இருக்கும். கைரேகை, கீறல், லேசான வளைவு எல்லாம் அதிகம் தொல்லை தருவது அங்கேதான். கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தாவிப் பாருங்கள். கட்டம் கட்டமாகச் சிதறாமல் ஓடுகிறதா?

இரண்டாவது, இரட்டை அடுக்குள்ள ஒரிஜினல் படம். பெரும்பாலும் இதில் லேசர் முதல் அடுக்கை உள்ளிருந்து வெளியே படித்து, அங்கே இரண்டாம் அடுக்குக்கு மாறி, வெளியிலிருந்து உள்ளே வரும். பாதிப் படத்தில் ஒரு நொடிக்கும் குறைவாகத் தயங்குவது இயல்பு. அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றால் அந்தப் பிளேயர் வேண்டாம்.

மூன்றாவது, ஒரு பழைய விசிடி அல்லது பாட்டு சிடி. டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர், சிடிக்கு 780. இரண்டுக்கும் தனித்தனி லேசர் உள்ளே இருக்கிறது. சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான். ஒன்று கெட்டு மற்றது நன்றாக இருக்கலாம். இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

[திரையில்: பிளேயரின் பின்பக்கம், பிறகு டிவியின் பின்பக்கம்]

அடுத்தது இணைப்பு. கடைக்குப் போகும் முன் உங்கள் டிவியின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டி டிவி என்றால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்தான் வழி. புது டிவி என்றால் எச்டிஎம்ஐ உள்ள பிளேயரைக் கொஞ்சம் காசு கூடப் போட்டாவது வாங்குங்கள். மஞ்சள் ஒயரில் நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வரும், அதனால் எழுத்தின் ஓரங்களில் புள்ளிகள் ஊர்வது போலத் தெரியும். எச்டிஎம்ஐயில் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, புது டிவிகள் பலவற்றில் அந்த மூன்று ஓட்டைகளே இல்லை. ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்றே ஒன்று இருக்கும், அதற்கு டிவியோடு வந்த அடாப்டர் ஒயர் வேண்டும். அது தொலைந்திருந்தால் எச்டிஎம்ஐதான் கதி.

பெட்டியில் ‘1080 அப்ஸ்கேலிங்’ என்று பெரிதாகப் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறையில் வரும் டிவிடியில் இருப்பது 720க்கு 576 புள்ளிகள். இல்லாத நுணுக்கத்தை எந்தப் பிளேயரும் உண்டாக்க முடியாது. படத்தைப் பெரிதாக்கும் வேலையை டிவியே செய்துவிடும்.

[திரையில்: செட்டப் மெனு]

வீட்டுக்கு வந்ததும் செட்டப் மெனுவில் திரை வடிவத்தை 16:9 என்று மாற்றுங்கள். பல பிளேயர்கள் 4:3 அமைப்பிலேயே வரும், அகலத் திரையில் ஆட்கள் எல்லாம் பருத்துத் தெரிவார்கள். பழைய கல்யாண வீடியோக்கள் 4:3 வடிவில் எடுத்தவை. அவற்றை ஓட்டும்போது டிவியின் ரிமோட்டில் 4:3க்கு மாற்றிக்கொண்டால் முகங்கள் சரியாக இருக்கும்.

டிவி முறை என்ற இடத்தில் ஆட்டோ அல்லது மல்டி வையுங்கள். வெளிநாட்டில் விற்பதற்காக வந்த தமிழ்ப் பட டிஸ்க்குகள் பல, அமெரிக்கா போன்ற நாடுகளின் டிவி முறையான என்டிஎஸ்சியில் இருக்கும். டிஸ்க் எந்தப் பகுதி நாடுகளில் விற்க வந்தது என்பதைக் குறிக்கும் மண்டல எண்ணையும் கவனியுங்கள். இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூர் 3, பிரிட்டன் 2, கனடா 1. டொரன்டோவிலிருந்து அக்கா அனுப்பிய டிஸ்க்கில் 1 என்று இருந்தால், 5க்கு மட்டும் பூட்டிய பிளேயரில் அது ஓடாது. எல்லா மண்டலமும் ஓடுமா என்று கடையில் கேட்டே வாங்குங்கள்.

படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லையா? ஒரே டிஸ்க்கில் டிடிஎஸ், டால்பி என்று இரண்டு வகை ஒலிப்பதிவு இருக்கலாம், அதில் டிடிஎஸ் தேர்வாகியிருக்கலாம். மலிவு பிளேயர்கள் பலவற்றால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்தி டால்பிக்கு மாறுங்கள். பாட்டு காதைக் கிழித்து வசனம் மட்டும் அடங்கிக் கேட்டால், ஒலி அமைப்பில் ஸ்டீரியோ டவுன்மிக்ஸ், அதாவது பல ஸ்பீக்கர் ஒலியை இரண்டாகக் கலந்து தரும் அமைப்பை வையுங்கள்.

யுஎஸ்பி இருக்கிறதே, பென் டிரைவில் படம் பார்க்கலாம் என்று நினைத்தால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். எம்பி3 பாட்டு, போட்டோ, பழைய டிவ்எக்ஸ் வகை ஏவிஐ படங்கள் ஓடும். செல்போனில் எடுத்த வீடியோ பெரும்பாலும் ஓடாது. தமிழ் சப்டைட்டில் கோப்பும் கட்டம் கட்டமாகத்தான் வரும். டிவிடி டிஸ்க்கில் உள்ள தமிழ் சப்டைட்டில் மட்டும் ஒழுங்காகத் தெரியும், ஏனென்றால் அது எழுத்தாக இல்லாமல் படமாகப் பதிவாகியிருக்கிறது.

ரிமோட்டையும் கடையிலேயே அழுத்திப் பாருங்கள். பிளேயரின் முகப்பில் இரண்டு மூன்று பட்டன்தான் இருக்கும். ரிமோட் போனால் செட்டப் மெனுவுக்குள் நுழையவே முடியாது. அப்புறம் பில், வாரன்டி அட்டை இரண்டையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்யாண டிஸ்க் கடையில் நல்லபடியாக ஓடினால், அந்த வாரமே ஒரு வெளி டிவிடி டிரைவ் இரவல் வாங்கிக் கம்ப்யூட்டரில் முழுவதையும் காப்பி எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். எந்தப் பிளேயரிலும் ஓடவில்லை என்றாலும் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். பிறகு அதே கம்ப்யூட்டர் டிரைவில் போட்டுப் பாருங்கள். பிளேயர் கைவிட்ட டிஸ்க்கை சில நேரம் அது பொறுமையாகப் படித்துவிடும்.