எதில் 41 சதவீதம்?

நேயர்களுக்கு வணக்கம். ஒன்றிய அரசு வசூலிக்கும் வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற பேச்சு, அந்தப் பங்கைப் பரிந்துரைக்கும் நிதிக்குழு ஒவ்வொரு முறை வரும்போதும் சூடுபிடிக்கும். 14-ஆவது நிதிக்குழு 42 சதவீதம் என்றது. ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசமான பிறகு, 15-ஆவது நிதிக்குழு அதை 41 ஆக்கியது. தமிழ்நாடு 50 கேட்கிறது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் எதில் 41, எதில் 50 என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோலையே எடுத்துக்கொள்வோம். 2021 நவம்பர் வரிக்குறைப்புக்குப் பிறகு அதில் ஒன்றிய அரசின் வரி 27 ரூபாய் 90 காசாக இருந்தது. அடிப்படைக் கலால் வரி அதில் வெறும் 1 ரூபாய் 40 காசு. பாக்கி 26 ரூபாய் 50 காசும் சாலைக்கு ஒரு செஸ், வேளாண் கட்டமைப்புக்கு ஒரு செஸ், அப்புறம் சர்சார்ஜாக, அதாவது கூடுதல் வரியாக, போடும் சிறப்புக் கூடுதல் கலால் வரி என்று போனது. மாநிலங்களுடன் பகிர்வுக்கு வந்தது அந்த 1 ரூபாய் 40 காசு மட்டும்தான். அதில் 41 சதவீதம் என்றால் சுமார் 57 காசு, அதுவும் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து! 15-ஆவது நிதிக்குழுவின்படி அந்த 57 காசில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாக இருந்தது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு இரண்டரைக் காசுகூட வரவில்லை. மாநிலங்கள் தாங்களே போடும் வாட் வரி வேறு. அதையும் நாம்தான் கட்டுகிறோம்.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. செஸ்ஸையும் சர்சார்ஜையும் அரசியலமைப்பின் 270-ஆவது பிரிவே பகிர்விலிருந்து விலக்கியிருக்கிறது. குறிப்பிட்ட ஒரு தேவைக்காகப் போடுவதுதான் செஸ்; தேவை முடிந்தால் அதுவும் முடிய வேண்டும். ஆனால் 2004-இல் 2 சதவீதமாக வந்த கல்வி செஸ், 2007-இல் 3 ஆகி, 2018-இல் சுகாதாரத்தையும் சேர்த்துக்கொண்டு 4 ஆகிவிட்டது.

அந்தப் பணமும் திட்டங்கள் வழியாக மாநிலங்களுக்குத்தானே வருகிறது என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் திட்டப் பணம் நிபந்தனையோடு வரும். பல திட்டங்களில் மாநிலமும் 40 சதவீதம் போட்டாக வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளமும் ஆரம்ப சுகாதார நிலைய மருந்தும் மாநிலத்தின் பொறுப்பு. எதற்கு முதலில் செலவழிப்பது என்று முடிவெடுக்கத்தானே மாநில அரசுக்கு ஓட்டுப் போடுகிறோம்?

செஸ்ஸுக்கும் சர்சார்ஜுக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும். மொத்த வரியில் அந்த அளவைத் தாண்டியது தானாகவே பகிர்வுக்கு வர வேண்டும். இதற்கு அரசியலமைப்பில் திருத்தம் வேண்டும். திருத்தத்தைக் கொண்டுவர வேண்டியது நாடாளுமன்றம். உங்கள் தொகுதி உறுப்பினர், கட்சி எதுவானாலும் சரி, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது இதில் அவர் நிலை என்னவென்று கேளுங்கள். நன்றி, வணக்கம்.