தூரில் குவிக்காதீர்கள், தள்ளிப் போடுங்கள்

அடுத்த கேள்வி. வீட்டு முகப்பில் அழகுக்காக நான்கு சைப்ரஸ் மரங்கள் வைத்து மூன்று வருடம் ஆகிறதாம். மாதாமாதம் தொழு உரம் போட்டு, மேலே மரச்சீவலும் குவிக்கிறாராம். "ஆனாலும் உள்பக்கம் பழுத்து உதிர்கிறது, இன்னும் என்ன இயற்கை உரம் கொடுக்கலாம்?" என்று கேட்கிறார்.

எதுவும் வேண்டாம். போடுவதையே முதலில் நிறுத்துங்கள்.

சைப்ரஸ் மாதிரி என்றும் பசுமையான மரம் இலையே உதிர்க்காது என்று நினைத்துக்கொள்கிறோம். உதிர்க்கும், மொத்தமாக ஒரே சமயத்தில் உதிர்க்காது, அவ்வளவுதான். வெயில் படாத உள்பக்கத்துப் பழைய இலை பழுத்து விழுவது இயல்பு. நுனியில் பச்சைக் கொழுந்து வருகிறதென்றால் மரத்துக்குப் பசி இல்லை. நுனியே காய்ந்தால்தான் யோசிக்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது அந்தக் குவியல். அனுப்பிய படத்தில் தூரைச் சுற்றிப் புற்று மாதிரி ஏற்றியிருக்கிறார். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. அதைக் கையால் விலக்கி, பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் தப்பித்தது. பழுப்பாகக் கொழகொழத்தால் அழுகல் தொடங்கிவிட்டது. சில மரங்களில் இந்தக் குவியலுக்குள்ளேயே வேர் மேலேறித் தூரைச் சுற்றிக்கொள்ளும். பின்னாளில் அது பருத்து மரத்தையே நெரிக்கும். தூர் அகன்று வேராகப் பிரியும் இடம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சரி, எப்படிப் போடுவது? தூரிலிருந்து ஒரு சாண் விட்டு, கிளை விரிந்திருக்கும் அளவுக்குப் பரப்புங்கள். அதைத் தாண்டிப் போனாலும் நல்லதுதான். சத்தை உறிஞ்சும் சல்லி வேர்கள் தூரடியில் இல்லை, வெளியே மேல்மண்ணில், பெரும்பாலும் முதல் ஒரு அடிக்குள்தான் இருக்கின்றன. அதனால் கொத்திக் கிளறாதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை, கொழுந்து விடுவதற்குச் சற்று முன்னால், நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு அங்குலம் போதும். பச்சைச் சாணம் வேரைக் கருக்கிவிடும். உரத்துக்கு மேல் இரண்டு மூன்று அங்குலம் மரச்சீவல்.

மரச்சீவல் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும் என்று பயப்படுகிறார்கள். மண்ணோடு கலந்துவிட்டால் இழுக்கும். மேலே கிடந்தால் மண்ணைத் தொடும் மேற்பரப்போடு சரி, வேர் வரை போகாது. ஊசியிலைச் சருகு மண்ணைப் புளிக்க வைக்கும் என்பதும் பெரிதுபடுத்திய பேச்சு, தாராளமாகப் போடுங்கள்.

உறைபனி விழும் ஊர் என்றால் குளிருக்கு முன்னால் உரம் வேண்டாம். அப்போது துளிர்க்கிற இளங்கொழுந்து பனியில் கருகும். தண்ணீர் மட்டும் நன்றாகக் கொடுங்கள், குளிரிலும் இலை வழியாக ஈரம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம், பட்டை அழுகியிருந்தால் எதையும் பூசாமல் திறந்து காய விடுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த இடத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.