டீசல் வாசம் படத்தில் வருமா?

நடுவர் அவர்களுக்கும் சங்ககிரி மக்களுக்கும் வணக்கம். நேரம் கொஞ்சம்தான், வண்டியை எடுத்துவிடுகிறேன்.

"லாரிக் காலத்தைக் காப்பாற்றி வைப்பது படமா, பேச்சா?" இதுதான் தலைப்பு. நான் படத்தின் கட்சி. பத்து வருஷமாகப் பழைய லாரி, புது லாரி எதைக் கண்டாலும் ஓரமாக நின்று கேமராவில் படம் எடுக்கிறவள். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டு உங்கள் கைத்தட்டலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். "இந்த அம்மிணி ஆயிரம் படம் எடுக்கட்டும். அதில் டீசல் வாசம் வருமா?" என்றார். எழுதிக்கொண்டு வந்த குறிப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

அதற்கு முன்னால் ஒன்று. அண்ணனுடைய மாமா 1975-ல் புத்தம் புதுசாக பென்ஸ் லாரி எடுத்தாராம், முன்னால் நட்சத்திரம் பளபளவென்று மின்னுமாம். அண்ணே, டாடாவும் ஜெர்மனியின் பென்ஸ் கம்பெனியும் சேர்ந்து இங்கே லாரி செய்ய ஆரம்பித்தது 1954-ல். அந்த ஒப்பந்தம் 1969-ல் முடிந்துவிட்டது. நட்சத்திரம் போய் டாடாவின் 'டி' எழுத்து வந்துவிட்டது. நம் ஊர் வாய்தான் விடவில்லை, அப்புறமும் ரொம்ப நாள் பென்ஸ் வண்டி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மாமா பொய் சொல்லவில்லைங்க. ஆசையாக வைத்திருந்த வண்டிக்கு மனசே ஒரு நட்சத்திரத்தை மாட்டிவிட்டது. அன்றைக்கு யாராவது ஒரு படம் எடுத்திருந்தால், அந்த வண்டியின் உண்மையான முகத்தை இன்றைக்கு மாமா பேரன் பார்த்திருப்பான்.

எண்ணூர் லேலண்ட் லாரி பேக்டரியிலிருந்து வெறும் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை மட்டும், ஓட்டி வந்தவர்களை இங்கே எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? கேபின் கிடையாது, கதவு கிடையாது, முன் கண்ணாடி கிடையாது. ஒரு பலகையில் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலையும் மழையையும் முகத்திலேயே வாங்கிக்கொண்டு நாமக்கல் பட்டறை வரைக்கும் வருவார்கள். அங்கேதான் தச்சர் மரத்தில் கேபின் கட்டுவார், பெயின்டர் நெற்றியில் தாமரையும் மயிலும் எழுதுவார். இன்றைக்குக் கேபின் கம்பெனியிலேயே தயாராகி வருகிறது. 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற பெரிய லாரிகளுக்கு டிரைவர் கேபினில் ஏ.சி. கட்டாயம். அந்த வண்டிகளையும் சந்தோஷமாகப் படம் எடுக்கிறேன். என்ஜின் சூட்டில் வெந்த கால்களுக்கு அந்தக் காற்று இத்தனை தாமதமாக வந்ததே என்பதுதான் என் வருத்தம்.

சரி, வாசத்துக்கு வருகிறேன்.

தொப்பூர் கணவாய்க்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. சாயங்காலம். மூக்கு வைத்த பழைய வண்டி ஒன்று தேங்காய் மட்டை ஏற்றிக்கொண்டு நிற்கிறது. டிரைவருக்கு அறுபது வயசு இருக்கும். "அண்ணா, வண்டியை ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?" என்றேன். "இருங்க அம்மிணி" என்றார். கேனிலிருந்து தண்ணீர் ஊற்றி முகம் கழுவினார். தலை சீவினார். சரி, முடிந்தது என்று கேமராவைத் தூக்கினேன். "இருங்க அம்மிணி!" ஈரத்துணி எடுத்து நம்பர் பிளேட்டைத் துடைத்தார். ஹெட்லைட்டைத் துடைத்தார். தூக்கினேன். "இருங்க அம்மிணி!" பம்பரில் தொங்கின எலுமிச்சம்பழம் காய்ந்து போயிருக்கிறதாம். கிளீனரைக் கடைக்கு அனுப்பி, புதுசு வாங்கி வரச் சொல்லி, கட்டி முடித்தார். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்கிறது, எனக்குக் கை பரபரக்கிறது. "இருங்க அம்மிணி, அவனும் நிக்கட்டும்." அந்தக் கிளீனருக்கே ஐம்பது வயசு. அவர் சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கடைசியாக, நான் அமுக்கப் போகிற நேரத்தில், டிரைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கோயிலில் சாமி முன்னால் செய்வோமே, அப்படி.

எடுத்த படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இருவத்தாறு வருசம் ஓட்டறனுங்க. வண்டியோட என்னைய ஆரும் ஒரு படம் எடுத்ததில்லீங்க" என்றார். அதுவரைக்கும் டீ விலையும் டீசல் விலையும்தான் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் படத்தில் மட்கார்டு நெளிசலைத் தொட்டார். "இது எப்படி ஆச்சு தெரியுங்களா?" அதே கணவாய் இறக்கம், ராத்திரி, பிரேக் பிடிக்கவில்லை. கியரைக் குறைத்துக் குறைத்து மலையோரமாக உரசிக்கொண்டே இறக்கியிருக்கிறார். இந்தக் கிளீனர் கீழே குதித்து, கூடவே ஓடி, சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறார். சொல்லும்போது இரண்டு பேருக்கும் கை நடுங்கியது. அவர்கள் வண்டியைப் பார்த்துச் சொல்லவில்லை, வண்டி நாலு அடியில் நிற்கிறது! படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். அண்ணே, நீங்கள் கேட்ட வாசம் அங்கே எனக்கு வந்தது.

நடுவர் அவர்களே, மணியில் கை வைக்காதீர்கள். இன்னும் ஒரு நிமிஷம்.

எங்கள் அப்பாவும் டிரைவர்தான். 22 வருஷம் ஒரே முதலாளி வண்டி. எங்கள் வீட்டில் கல்யாணப் படம் இருக்கிறது, காதுகுத்துப் படம் இருக்கிறது. அப்பா லாரியோடு நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. வண்டியை இரும்பு விலைக்கு உடைத்துவிட்டார்கள். அப்பாவும் போய்விட்டார். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

போன வருஷம் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது. எப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்று சான்று வாங்கப் போகும்போது, சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள், உங்களுக்கெல்லாம் தெரியும். அப்பா தனக்கென்று ஒன்று கூடுதலாகத் தேய்த்து மடித்து வைத்திருக்கிறார். அவரிடம் கேமரா இல்லை. அவருக்குத் தெரிந்த படம் அது.

வாங்கி மோந்து பார்த்தேன். பென்சில் கரி வாசம்தான் வந்தது. அம்மாவிடம் கொடுத்தேன். முகத்தோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்கள்.

"வண்டி வாசம் அடிக்குது கண்ணு" என்றார்கள்.