அமிர்தசரஸ் பிரிவினை அருங்காட்சியகம்: அதற்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள்

[காட்சி: ஹால் பஜார், காலை வேளை. கடைகள் திறந்துகொண்டிருக்கின்றன.]

வணக்கம். அமிர்தசரஸ் சுற்றுலாத் திட்டம் எதை எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். காலையில் பொற்கோயில், அடுத்து ஜாலியன்வாலா பாக், மதியம் குல்சாவும் லஸ்ஸியும், பிறகு வாகா எல்லைக்கு வண்டி. நடுவில் அரை மணி நேரம் மிஞ்சினால் மட்டும் பிரிவினை அருங்காட்சியகம். இந்த வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த வீடியோ. அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு வரக்கூடிய இடம் அன்று அது.

[காட்சி: டவுன் ஹாலின் முகப்பு.]

பழைய நகரத்தின் நடுவே, ஆங்கிலேயர் காலத்து டவுன் ஹாலில் இருக்கிறது இந்த அருங்காட்சியகம். 2017 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. ஏன் 15 அன்று திறக்கவில்லை? நாடு விடுதலை பெற்றது 1947 ஆகஸ்ட் 15. ஆனால் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையிலான எல்லைக்கோடு எங்கே விழுந்தது என்பது பொதுமக்களுக்குச் சொல்லப்பட்டது 17 அன்றுதான். இரண்டு நாட்களாக விடுதலையைக் கொண்டாடிய மனிதர்களில் பலருக்குத் தம் வீடு எந்த நாட்டில் இருக்கிறது என்பதே தெரியாது.

அந்த எல்லைக்கோட்டை வரைந்தவர் சிரில் ராட்கிளிஃப், லண்டன் வழக்கறிஞர். அதற்கு முன் இந்தியா பக்கமே வந்திராதவர். ஜூலை 8 அன்று வந்து இறங்கினார். பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்க அவருக்குக் கிடைத்தது ஐந்து வாரம்.

அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் லாகூர், மறுபக்கம் அமிர்தசரஸ். இடையே 50 கிலோமீட்டர்தான். அதனால்தான் இந்த அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. இங்கிருந்து ஓடியவர்களும் உண்டு, இங்கே வந்து சேர்ந்தவர்களும் உண்டு. 1947க்கு முன் இந்த நகரத்து மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முஸ்லிம்கள்.

[காட்சி: ஹால் கேட்டிலிருந்து நடந்து செல்லும் கேமரா. கைருதீன் மசூதி.]

ஆகவே ஆட்டோவில் வாசல்வரை போய் இறங்காதீர்கள். ஹால் கேட்டில் இறங்கி, ஹால் பஜார் வழியாக நடந்து போங்கள். வழியில் கைருதீன் மசூதி வரும். 1876ல் கட்டியது. உயர்ந்த வாயிலும் பச்சை வேலைப்பாடும் தூரத்திலிருந்தே தெரியும். அதைச் சுற்றி வாழ்ந்த அத்தனை குடும்பங்களும் சில வாரங்களில் எப்படி இல்லாமல் போயின என்ற கேள்வியோடு அருங்காட்சியகத்துக்குள் நுழைவது நல்லது.

[காட்சி: உள்ளே, காட்சிக்கூடங்களின் வரிசை.]

மொத்தம் 14 கூடங்கள். முதல் சில கூடங்கள் விடுதலைப் போராட்ட வரலாறு. பள்ளியில் படித்தது நினைவில் இருந்தால் அவற்றைச் சற்று வேகமாகக் கடக்கலாம். எல்லைக்கோட்டைப் பற்றிய பகுதி வந்ததும் நடையைக் குறையுங்கள்.

பிரிந்தது மண் மட்டும் என்றுதான் நாம் பெரும்பாலும் நினைக்கிறோம். அலுவலக மேசை, நாற்காலி, தட்டச்சு இயந்திரம்வரை எண்ணிப் பங்கு போட்டார்கள். மொகஞ்சதாரோவில் கிடைத்த, நாலாயிரம் ஆண்டுக்கும் பழைய ஒரு மணிமாலையைக்கூட அறுத்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். பிரிவினை என்ற சொல்லின் முழுப் பொருளும் எனக்கு அந்த மாலையில்தான் விளங்கியது.

[காட்சி: கிணறு. பின்னணி இசை வேண்டாம்.]

உள்ளே ஒரு கிணறு வைத்திருக்கிறார்கள். 1947 மார்ச்சில், ராவல்பிண்டி பக்கம் தோவா கால்சா என்ற கிராமத்தில், வன்முறைக் கூட்டத்தின் கையில் சிக்கக்கூடாது என்று ஏறக்குறைய 90 பெண்கள் கிணற்றில் குதித்தார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த இடத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இங்கே நிறுத்தாமல் அழைத்துச் செல்லலாம் என்பது என் யோசனை. பெரிய பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

[காட்சி: கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மேலங்கியும் தோல் பெட்டியும்.]

அடுத்து இந்த இரண்டு பொருள்கள். என்னைக் கேட்டால், இவற்றைப் பார்ப்பதற்காக மட்டுமே அமிர்தசரஸ் போகலாம்.

ஒன்று புல்காரி வேலை செய்த மேலங்கி. பருத்தித் துணியில் பட்டு நூலால் பூக்களை நெருக்கமாகத் தைக்கும் பஞ்சாபிப் பெண்களின் கைவேலை அது. மற்றொன்று ஒரு பழைய தோல் கைப்பெட்டி. திருமணம் பேசி முடித்திருந்த ஒரு பெண்ணும் ஆணும் கலவரத்தில் தனித்தனியே தப்பி ஓடினார்கள். அவளிடம் இருந்தது இடுப்பில் இரண்டு வயதுத் தம்பி, கூடவே இந்த அங்கி. அவனுடைய சகோதரர்கள் மூவர் கொல்லப்பட்டிருந்தார்கள். அவன் கையில் இருந்த பெட்டிக்குள் படிப்புச் சான்றிதழ்களும் சொத்துப் பத்திரங்களும். ஒருவர் உயிரோடு இருப்பது மற்றவருக்குத் தெரியாது. அமிர்தசரஸ் அகதி முகாமில், சாப்பாட்டுக்கு நின்ற வரிசையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். 1948 மார்ச்சில் எளிமையாகத் திருமணம் நடந்தது.

அந்தப் பெட்டியின் முன்னே நின்று ஒன்றை யோசித்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் வீட்டைவிட்டு ஓட வேண்டும் என்றால் நீங்கள் எதை எடுப்பீர்கள்? பத்திரத்தையா, அம்மா தைத்த துணியையா? 1942ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த தமிழர்களுக்கும், 1983க்குப் பிறகு கடல் கடந்து வந்த ஈழத் தமிழர்களுக்கும் இந்தக் கேள்வி புதிதில்லை. உங்கள் குடும்பத்தில் அப்படி வந்தவர்கள் இருந்தால், போவதற்கு முன் அவர்களிடம் ஒரு முறை பேசிவிட்டுப் போங்கள்.

[காட்சி: ஹெட்போனைக் காதில் வைத்துத் திரையைப் பார்க்கும் ஒரு முதியவர்.]

நேரத்தைக் கேட்பது இந்தத் திரைகள்தான். உயிர் தப்பியவர்கள் தம் வாயாலேயே சொல்லும் நினைவுகள் இவற்றில் ஓடுகின்றன. அவசர அவசரமாகப் பத்துப் பேரைக் கேட்பதைவிட இரண்டு பேரை முழுதாகக் கேளுங்கள். பஞ்சாபியும் இந்தியும் ஆங்கிலமும் புரியாத பெரியவர்களை அழைத்துப் போனால், பக்கத்தில் நின்று மெல்லத் தமிழில் சொல்லுங்கள். அதற்கும் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்கினால் சரியாக இருக்கும்.

கடைசிக் கூடத்தில் ஒரு நம்பிக்கை மரம் இருக்கிறது. பார்வையாளர்கள் இலை வடிவத் தாளில் எழுதி அதில் தொங்கவிடுகிறார்கள். தமிழில் எழுதுங்கள்.

[காட்சி: டவுன் ஹாலிலிருந்து பொற்கோயிலுக்குப் போகும் நடைபாதை.]

இனித் திட்டம். முந்தைய நாள் மாலையே ஊருக்குள் வந்துவிடுங்கள். டெல்லியிலிருந்து சதாப்தி ரயிலில் ஆறு மணி நேரம் ஆகும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயில்கள் தாமதமாகும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கட்டணத்தையும் நேரத்தையும் அவர்களுடைய இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

காலையில் முதலில் ஜாலியன்வாலா பாக், அங்கிருந்து சில நிமிட நடையில் அருங்காட்சியகம். வெளியே வந்ததும் வேறெங்கும் போகாமல் நேரே பொற்கோயிலுக்கு நடந்துவிடுங்கள். தலையை மூடிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு, லங்கர் என்ற இலவசப் பொது உணவுக்கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தட்டில் ரொட்டியும் பருப்பும் விழும்போது உங்கள் பெயரையோ ஊரையோ சாதியையோ யாரும் கேட்பதில்லை. அந்தக் காலைக்குப் பிறகு மனம் கேட்பது அதைத்தான்.

வாகாவை அதே நாளில் வைக்காதீர்கள். அங்கே மாலையில் இரு நாட்டு வீரர்களும் கொடி இறக்கும் நிகழ்ச்சியில் ஒலிபெருக்கியும் கோஷமும் பூட்ஸ் சத்தமும் இருக்கும். காலையில் அந்தக் கிணற்றைப் பார்த்துவிட்டு மாலையில் அந்தக் கூச்சலுக்குள் போனால் இரண்டில் ஒன்று மனதிலிருந்து அழிந்துபோகும். மறுநாள் போங்கள்.

[காட்சி: வாகா வாயில். அதைத் தாண்டி நேராக ஓடும் சாலை.]

கொடி இறங்கி முடிந்ததும் கூட்டம் வண்டிகளை நோக்கி ஓடும். நீங்கள் இருக்கையிலேயே சற்று இருங்கள். வாயிலுக்கு அப்பால் போகும் சாலையைப் பாருங்கள். லாகூர் 25 கிலோமீட்டர்கூட இருக்காது. 1947ல் மாட்டு வண்டியும் மூட்டையுமாக, மைல் கணக்கில் நீண்ட கூட்டங்கள் இரு திசையிலும் நடந்தது இந்தச் சாலையில்தான்.