மாளிகைகளைக் கடைசியில் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர் என்றதும் நம்மில் பலருக்கு நியூ ஆர்லியன்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும். அதைவிட இரண்டு வயது மூத்த ஊர் ஒன்று அதே ஆற்றின் மேல்பக்கம், மிசிசிப்பி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. நேச்சஸ் என்று பெயர். 1716ல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். அதற்கப்புறம் ஆங்கிலேயர், ஸ்பானியர், கடைசியில் 1798ல் அமெரிக்கர் என்று கொடி மாறிக்கொண்டே வந்தது. இன்றைக்கு அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 14,500 பேர். நம் கணக்கில் ஒரு பேரூராட்சி, அவ்வளவுதான்.

பயணிகள் ரயில் கிடையாது. பேட்டன் ரூஜிலிருந்து 61ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 90 மைல் காரில் போகவேண்டும். ஹூஸ்டனிலும் டாலஸிலும் வேலை பார்க்கிற நம்மவர்கள் நீண்ட வார இறுதி கிடைத்தால் நியூ ஆர்லியன்ஸுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதில் ஒரு நாளை நேச்சஸுக்கு ஒதுக்குங்கள் என்று நான் சொல்வதுண்டு. சிலர் ஒதுக்கியும் இருக்கிறார்கள். திரும்பி வந்து அவர்கள் காட்டுகிற படங்கள்தான் எனக்குப் பிடிப்பதில்லை. எல்லாவற்றிலும் வெள்ளைத் தூண், அகலமான படிக்கட்டு, கருவேல மரம், அதிலிருந்து தாடி போலத் தொங்கும் பாசி. ஊர் கொடுக்கிற விளம்பரத் தாளும் மாளிகைகளில்தான் தொடங்குகிறது. அந்த வரிசையில் பார்த்தால் அது வெறும் அழகான ஊராகவே முடிந்துவிடும். சின்ன ஊரில் ஒரு வசதி, எதையும் எந்த வரிசையிலும் பார்க்கலாம். என் வரிசை வேறு.

முதலில் ஆறு. நேச்சஸ் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. ஆற்றுமட்டத்திலிருந்து சுமார் 200 அடி உயரம். காற்று பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து குவித்த மெல்லிய மண்ணால் ஆன மேடு அது. விளிம்பில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். அங்கே நின்றால் கீழே ஆறு, எதிர்க்கரையில் லூயிசியானா. எதிர்க்கரை முழுக்கத் தட்டை, கண்ணுக்கு எட்டுகிற வரை ஒரு மேடு பள்ளம் இல்லை. ஊர் இந்தப் பக்கம், பருத்தி அந்தப் பக்கம் என்பதுதான் நேச்சஸின் கதையே. பண்ணை முதலாளிகளில் பலருக்கு நிலம் அங்கே, வெள்ளம் வரும் வண்டலில். வீடு இங்கே, வெள்ளமும் காய்ச்சலும் எட்டாத மேட்டில். வயலில் குனிந்து நின்றவர்களுக்கு அந்த மேடு கிடையாது.

ஆற்றில் பார்ஜ்கள் போகும். பெரிய தட்டையான இரும்புத் தொட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் 1,500 டன் சரக்கு ஏற்றும். முப்பது நாற்பதைக் கம்பிவடத்தால் ஒன்றோடொன்று கட்டி, பின்னாலிருந்து ஒரே ஒரு படகு தள்ளிக்கொண்டு வரும். பாலத்தின் தூண்களுக்கு நடுவே அதை நுழைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வேடிக்கை பார்க்கிற நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

சில்வர் தெரு என்கிற சரிவான சாலை மேட்டிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்குகிறது. அந்தக் காலத்துப் படகுத்துறை அங்கேதான். சூதாட்டம், சாராயம், கத்திக்குத்து என்று பேர்போன இடம். பல தெருக்கள் இருந்த துறையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறே தின்றுவிட்டது. இப்போது மிச்சம் ஒரு வரிசைக் கட்டடங்கள், அதில் சாப்பாட்டுக் கடையும் பாரும். 2011 மே மாத வெள்ளத்தில் ஆறு 61 அடியைத் தாண்டி, அதுவரை இருந்த உச்சத்தையும் முறியடித்தது.

நீராவிக் கப்பல் வருவதற்கு முன்னால் ஒஹாயோ, கென்டக்கி ஆட்கள் மரப் படகில் மாவும் பன்றி இறைச்சியும் ஏற்றிக்கொண்டு நீரோட்டத்தோடு இங்கே வந்து சேர்வார்கள். எதிர்நீச்சல் போட்டுத் திரும்ப முடியாது. அதனால் சரக்கை விற்று, படகையும் பலகை விலைக்கு விற்றுவிட்டு, நாஷ்வில் வரை 440 மைலுக்கு மேல் நடையாகவே ஊர் திரும்புவார்கள். 1840 மே 7ஆம் தேதி ஒரு சூறாவளி ஆற்றின் வழியாகவே வந்து இந்தத் துறையை அடித்துப்போட்டது. இறந்தவர்கள் 317 பேர் என்பது கணக்கு. பெரும்பாலோர் படகுகளில் இருந்தவர்கள். பண்ணைகளில் செத்த அடிமைகளை அந்தக் கணக்கு முழுதாகச் சேர்த்திருக்காது என்று வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள்.

ஊருக்குப் பெயர் கொடுத்த நேச்சஸ் பழங்குடியினரின் கிராமத்தையும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். புல் மூடிய மண்மேடுகளும் ஒரு சிறிய அருங்காட்சியகமும் இருக்கின்றன. 1729ல் அவர்கள் பிரெஞ்சுக் கோட்டையைத் தாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திருப்பி அடித்ததில் அந்த இனமே சிதறியது. பிடிபட்டவர்களைக் கரீபியத் தீவுக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். தப்பியவர்கள் சிக்கசா, கிரீக், செரோக்கி மக்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

அப்புறம் ஊருக்குள் வந்தால், ஸ்டேட் தெருவில் ஒரு செங்கல் வீடு. 1841ல் கட்டியது. எந்த ஆடம்பரமும் இல்லை, தேசியப் பூங்காத் துறையின் பலகை இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். நேச்சஸில் எனக்கு மிகவும் பிடித்த வீடு இதுதான். வில்லியம் ஜான்சன் என்ற முடிதிருத்துபவர் குடும்பத்தோடு இங்கே வாழ்ந்தார். அடிமையாகப் பிறந்தவர், 1820ல் 11 வயதில் விடுதலை பெற்றார். சலூன் தொழில் கற்று, சொந்தக் கடைகள் வைத்து, வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களுக்கெல்லாம் சவரம் செய்து, அவர்களுக்கே கடனும் கொடுத்தார். 1835லிருந்து 1851 வரை டைரி எழுதினார். குதிரைப் பந்தயத்தில் யார் எவ்வளவு தோற்றார், தெருவில் யார் யாரைக் கைத்தடியால் அடித்தார், வேட்டைக்குப் போனது, வசூல் ஆகாத பாக்கி, எல்லாம் அதில் உண்டு. சலூனில் ஊர்ச்செய்தி தானாக வந்து சேரும் என்பது நமக்குத் தெரியாததா? வெகுகாலம் குடும்பத்தாரிடமே இருந்த அந்த டைரி 1951ல் புத்தகமாக வந்தது.

இவரை எளிதாகக் கொண்டாடிவிட முடியாது. ஜான்சனும் அடிமைகளை வைத்திருந்தார். இறக்கும்போது அவர் சொத்தில் 16 பேர் இருந்தார்கள். விடுதலையானவர் மற்றவரை விலைக்கு வாங்கினாரே என்று அந்த வீட்டு மாடியில் நின்றால் கோபம் வரும், வருத்தமும் வரும். கூடவே இன்னொன்றும் தெரியும். 1851ல் நிலத்தின் எல்லைத் தகராறில் ஒருவன் அவரைச் சுட்டுவிட்டான். நேரில் பார்த்தவர்கள் எல்லோரும் கறுப்பர்கள். வெள்ளையனுக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்ல அன்றைய சட்டம் இடம் தரவில்லை. சுட்டவன் தன்னை வெள்ளையன் என்று சொல்லிக்கொண்டு தப்பிவிட்டான். கடன் வாங்க ஜான்சனின் கதவைத் தட்டிய ஊரில், அவர் சாவுக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

அங்கிருந்து கிழக்கே ஒரு மைல் சொச்சத்தில் சாலைகள் சேரும் ஒரு முச்சந்தி. சுற்றிலும் சாதாரணக் கடைகள், வண்டிகள் விர்ரென்று போய்க்கொண்டிருக்கும். நடுவில் ஒரு சின்னப் புல்வெளி, சில தகவல் பலகைகள். தரையில் ஒரு சிமென்ட் பாளம். அதில் இரும்பு விலங்குகளைப் பதித்திருக்கிறார்கள். கை விலங்கு, கால் விலங்கு, இடையே சங்கிலிக் கண்ணிகள். பாதி சிமென்டுக்குள், பாதி வெளியே. மழையில் வழிந்த துரு சிமென்டில் கறையாகப் படிந்திருக்கிறது. வேறு நினைவுச்சின்னம் எதையும் தேடாதீர்கள், இவ்வளவுதான்.

ஆனால் அமெரிக்காவின் ஆழ்தெற்கில், அதாவது தென்கோடிப் பருத்தி மாநிலங்களில், நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை இந்த முச்சந்திதான். வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் புகையிலை நிலம் சோர்ந்துபோக, அங்கிருந்தவர்களை விலைக்கு வாங்கி, சங்கிலியில் கோத்து நடத்தியும், கப்பலில் ஏற்றியும் இங்கே கொண்டுவந்தார்கள். சந்தை முதலில் ஊருக்குள்ளேயேதான் நடந்தது. 1833ல் காலரா வந்தது. ஒரு பெரிய வியாபாரி இறந்தவர்களின் உடல்களைப் பள்ளத்தில் போட்டு மறைத்தது வெளியே தெரிந்தபோது ஊர் கொதித்தது. மனிதரை விற்பதற்காகக் கொதிக்கவில்லை, தொற்று பரவுமே என்று கொதித்தது. வியாபாரிகளை எல்லைக்கு வெளியே துரத்தினார்கள், சந்தை இந்த முச்சந்திக்கு வந்தது. உள்நாட்டுப் போரில், 1863ல் வடக்கு ராணுவம் வந்து சேர்ந்த பிறகுதான் நின்றது. அடைத்துவைத்த கொட்டடிகளை அந்தப் படையினர் பிரித்து, அந்தப் பலகைகளைத் தங்கள் முகாமுக்கு எடுத்துக்கொண்டார்கள். பிரித்தவர்களில் கறுப்பினச் சிப்பாய்களும் உண்டு. உள்ளூர்க் கறுப்பின மக்கள் பல வருஷம் விடாமல் வற்புறுத்தி, 2021ல்தான் இந்த இடம் தேசிய வரலாற்றுப் பூங்காவில் சேர்ந்தது.

போர் முடிந்த காலத்துக் கதை ஒன்றும் சொல்லவேண்டும். ஜான் லின்ச் என்ற பையன், நேச்சஸில் அடிமையாக இருந்து விடுதலையானவன், இங்கே ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தான். சந்துக்கு அந்தப் பக்கம் வெள்ளையர் பள்ளிக்கூடம். வாத்தியார் நடத்துவது ஜன்னல் வழியாகக் கேட்கும். அதைக் கேட்டே படித்ததாகப் பின்னாளில் எழுதினார். 1872ல் மிசிசிப்பி சட்டமன்றத்துக்கு அவரே சபாநாயகர். அதே வருஷம் அமெரிக்கக் காங்கிரஸுக்கும் தேர்வானார்.

சரி, இப்போது மாளிகைக்குப் போகலாம். ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருந்தால் லாங்வுட். எண்கோண வடிவம், உச்சியில் வெங்காயக் குமிழ் போன்ற கோபுரம். ஹாலர் நட் என்ற பருத்தி முதலாளி ஃபிலடெல்ஃபியாவிலிருந்து கட்டடக் கலைஞரையும் தொழிலாளர்களையும் வரவழைத்து 1860ல் தொடங்கினார். திட்டம் 32 அறை. மறு வருஷம் போர் வெடித்ததும் வடக்கத்தித் தொழிலாளர்கள் வேலையைப் போட்டது போட்டபடி ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அடிமைகளின் உழைப்பில் கீழ்த்தளத்தின் 9 அறைகள் மட்டும் முடிந்தன. குடும்பம் அதில் குடியேறியது. நட் 1864ல் இறந்தார். மேல்தளங்கள் இன்றுவரை முடியவில்லை. கீழே மேசையும் கட்டிலும் திரைச்சீலையும் இருக்க, படியேறினால் பூசாத செங்கல், கதவு இல்லாத வாசல்கள், வெறும் விட்டங்கள். வேலையாட்கள் விட்டுப்போன கருவிகளும் மரப்பெட்டிகளும் இன்னும் கிடக்கின்றன. அண்ணாந்தால் கோபுரத்தின் உட்புறம் வரை தெரியும். முடிந்த மாளிகைகளில் சுவர்க்காகிதமும் சரவிளக்கும் மறைத்துவிடுவதை இந்த வீடு மறைக்காமல் காட்டுகிறது, எத்தனை செங்கல், எத்தனை கைகள் என்று. முச்சந்தியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இங்கே யாரும் விளக்கவேண்டியதில்லை.

இந்த நட்டின் அப்பா ரஷ் நட் ஒரு மருத்துவர். இந்தப் பகுதியில் பெட்டி கல்ஃப் என்ற பருத்தி ரகத்தை வளர்த்தெடுத்தவர். அந்தக் காலத்தில் அமெரிக்கத் தெற்கின் பருத்தி நுட்பத்துக்கு இருந்த மவுசைக் கேட்டு, 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கிருந்து பண்ணை நிபுணர்களை இந்தியாவுக்கு வரவழைத்தது. சிலர் நம் கோயம்புத்தூருக்கே வந்து, தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் சோதனைப் பண்ணைகள் நடத்தினார்கள். கொங்குநாட்டுக்காரர் எவராவது நேச்சஸ் போனால் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

1932லிருந்து வசந்த காலத்தில் இந்த மாளிகைகளைப் பார்வைக்குத் திறக்கிறார்கள், ஊர்ப் பெண்களின் தோட்டச் சங்கங்கள் தொடங்கிய ஏற்பாடு. குடைபோல விரிந்த பழங்காலப் பாவாடையில் பெண்கள் வரவேற்பார்கள். எனக்கு அந்த வேஷம் உறுத்துகிறது. பழைய வீடுகளை விற்றுவிடாமல் இந்த ஊர் காப்பாற்றியதில் அந்த வருமானத்துக்குப் பங்கு உண்டு என்பதையும் மறுக்கமாட்டேன்.

மரங்களில் தொங்கும் அந்தப் பாசியைப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1940 ஏப்ரல் 23 இரவு, ரிதம் நைட் கிளப் என்ற கறுப்பினத்தவரின் நடனக் கொட்டகையில் அலங்காரத்துக்கு இதே பாசியைத்தான் உலர்த்தித் தொங்கவிட்டிருந்தார்கள், பூச்சிமருந்தும் அடித்து. தீப்பிடித்தது. டிக்கெட் வாங்காதவர்கள் நுழைந்துவிடக் கூடாதென்று ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். ஒரே வாசல். 209 பேர் இறந்தார்கள். சிகாகோவிலிருந்து வாசிக்க வந்த இசைக்குழுத் தலைவர் வால்டர் பார்ன்ஸும் அவர் குழுவினர் பலரும் அதில் உண்டு.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். இங்கே டமாலி கிடைக்கும். சோளமாவுக்குள் காரமான இறைச்சி வைத்து, சோளத் தோகையில் சுற்றி வேகவைத்தது. இலையைப் பிரித்துத் தின்னும் நம் பூரணக் கொழுக்கட்டையின் அசைவ உறவு என்று வைத்துக்கொள்ளலாம். சைவக்காரர்களுக்குச் சிரமம்தான். பீன்ஸ் என்று நம்பிக் கேட்டால் அதிலும் பன்றி இறைச்சித் துண்டு போட்டிருப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள். சென்னைக்காரருக்கே வியர்த்துவிடும், கொசு வேறு. மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபர் நல்லது.

திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, படகோட்டிகள் நடந்த பழைய பாதையை ஒட்டிப் போட்டிருக்கிற நேச்சஸ் டிரேஸ் பார்க்வேயில் ஏறுங்கள். லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, வேகம் மணிக்கு 50 மைல்தான். பத்தாவது மைல் பக்கம் எமரால்டு மேடு, சுமார் 8 ஏக்கரில் பழங்குடியினர் மண் சுமந்தே கட்டியது. நாற்பத்தோராவது மைலைத் தாண்டியதும் பழைய பாதையின் ஒரு துண்டு அப்படியே இருக்கிறது. நடந்து நடந்தே மண் கரைந்து, நம் தலைக்கு மேல் இரு பக்கமும் சுவராக நிற்கிறது. இறங்கி ஐந்து நிமிஷம் அதற்குள் நடந்துவிட்டு வாருங்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், அந்தச் சாலையில் பெட்ரோல் பங்க் இல்லை. டாங்க்கை ஊரிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

வணக்கம்.